ஸோலாரிஸ் 10: செய்தியில் வந்த நாளும் டிஸ்கில் வந்த நாளும்

2004 நவம்பர் மாதக் கணினி இதழ்களைப் படித்துவிட்டு, சன் மைக்ரோசிஸ்டம்ஸின் யூனிக்ஸ் இயங்குதளமான ஸோலாரிஸ் 10-ஐ 2005 பிப்ரவரியில் இறக்கி நிறுவியவருக்கு முதல் ஏமாற்றம் டிஸ்க்கைப் பிரிக்கும் இடத்திலேயே காத்திருந்தது. செய்தியில் படித்த புதிய கோப்பு முறைமையான இசட்எஃப்எஸ்ஸின் பெயரே அங்கே கிடையாது. பழைய யுஎஃப்எஸ்தான். லினக்ஸ் நிரல்களை மாற்றாமல் அப்படியே ஓட்டலாம் என்று சொல்லப்பட்ட வசதியையும் காணோம். ஆனால் ஓடும் இயந்திரத்தின் உள்ளே ஆராயும் டிட்ரேஸ் இருந்தது, ஒரே இயந்திரத்தைத் தனித்தனி அறைகளாகப் பிரிக்கும் ஸோன் இருந்தது, சேவைகளைக் கவனிக்கும் எஸ்எம்எஃப் இருந்தது. முழுதாகத் திருத்தி எழுதிய டிசிபி/ஐபி நெட்வொர்க் அடுக்கும் இருந்தது.

அந்த ஆண்டு ஸோலாரிஸ் 10 பற்றி வந்த கட்டுரைகளில் ஒன்றுக்கொன்று முரணானவை ஏராளம். எழுதியவர்கள் பொய் சொன்னார்கள் என்பதல்ல. ஒருவர் அறிமுக விழாவைப் பார்த்து எழுதினார், ஒருவர் முன்னோட்டப் பதிப்பைப் பார்த்து எழுதினார், இன்னொருவர் விற்பனைக்கு வந்த டிஸ்கைப் பார்த்து எழுதினார். மூவரும் ‘ஸோலாரிஸ் 10’ என்றே குறிப்பிட்டார்கள். நிறுவன யூனிக்ஸ் ஒன்றைப் பத்திரிகைகள் எப்படி வரவேற்றன என்று ஆராய இதைவிடத் தெளிவான நிகழ்வு கிடைப்பது அரிது.

மூன்று தேதிகள்

இசட்எஃப்எஸ் வருகிறது என்று சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அறிவித்தது 2004 செப்டம்பரில். ஸோலாரிஸ் 10-க்கான விழா 2004 நவம்பர் 15. பொதுப் பயன்பாட்டுக்கு வெளியானது 2005 ஜனவரி 31. ஆனால் அந்த டிஸ்கின் மேல் அச்சிட்டிருந்த பெயர் ‘3/05’, அதாவது 2005 மார்ச். இசட்எஃப்எஸ் மூலநிரலாக, ஸோலாரிஸின் திறந்த மூலத் திட்டமான ஓப்பன்ஸோலாரிஸில் வெளிவந்தது 2005 நவம்பர் 16. ஆதரவோடு கூடிய ஸோலாரிஸ் 10-இல் அது வந்து சேர்ந்தது ‘6/06’ என்ற இரண்டாம் மேம்பாட்டில். அதிலும் இயங்குதளத்தை இசட்எஃப்எஸ்ஸிலிருந்தே துவக்க முடியாது. அதற்கு ‘10/08’ வரை பொறுக்க வேண்டியிருந்தது. முதல் அறிவிப்பிலிருந்து எண்ணினால் நான்கு ஆண்டுகள்.

லினக்ஸ் நிரல் வசதியின் கதை இன்னும் நீளம். ‘ஜேனஸ்’ என்ற குறிப்பெயரில் அது பேசப்பட்டபோது, ரெட் ஹாட் லினக்ஸுக்காகத் தொகுத்த நிரலை ஸோலாரிஸ் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) மேல் நேரடியாக ஓட்டலாம் என்பதுதான் தலைப்புச் செய்தி. அந்த வடிவில் அது வரவே இல்லை. 2007-இல், ‘8/07’ மேம்பாட்டில், தனி வகை ஸோனாக வந்தது. இன்டெல், ஏஎம்டி ப்ராசஸர்களின் எக்ஸ்86 வகையில் மட்டும், 32-பிட் நிரல்களுக்கு மட்டும், 2.4 கர்னல் காலத்து ரெட் ஹாட் 3 அல்லது சென்ட்ஓஎஸ் 3 சூழலுக்கு மட்டும். அதற்குள் லினக்ஸ் உலகம் 2.6-க்குப் போய் ஆண்டுகள் ஆகியிருந்தன. ‘லினக்ஸையும் விழுங்கும் ஸோலாரிஸ்’ என்ற தொனியில் 2004-இல் எழுதியவர்களில் எத்தனை பேர் 2007-இல் திரும்பிப் பார்த்திருப்பார்கள்?

இதனால்தான் ஸோலாரிஸ் 10 பற்றிய எந்தக் கட்டுரையைப் படித்தாலும் அது எந்த வெளியீட்டைப் பற்றியது என்று முதலில் பார்க்க வேண்டும். இயங்கும் இயந்திரத்தில் இதைக் கண்டுபிடிப்பது எளிது. எட்சி டைரக்டரியில் ரிலீஸ் என்ற சிறு கோப்பு இருக்கும். அதன் முதல் வரியில் 3/05, 1/06, 6/06, 11/06, 8/07 என ஏதாவது ஒன்று இருக்கும். ஆனால் ஒன்று: கர்னல் பேட்ச் (திருத்தத் தொகுப்பு) போட்டுக்கொண்டே போனால் கர்னல் புதிதாகும், இந்தக் கோப்பு பழைய வரியையே காட்டும். எனவே யூநேம் கட்டளை காட்டும் கர்னல் பேட்ச் எண்ணையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அந்தக் கால மதிப்புரைகளில் இந்த இரண்டு எண்களையும் கொடுத்தவை குறைவு.

முன்னோட்டப் பதிப்புகளும் குழப்பத்தைக் கூட்டின. 2003-லிருந்தே சன் ‘ஸோலாரிஸ் எக்ஸ்பிரஸ்’ என்ற பெயரில் மாதாமாதம் கட்டுமானங்களை வெளியே விட்டது. டிட்ரேஸ் 2003 செப்டம்பரில் உள்ளே சேர்ந்தது, ஸோன் 2004 தொடக்கத்தில், எஸ்எம்எஃப் கடைசிக் கட்டத்தில்தான். 2004 கோடையில் முன்னோட்டத்தை ஓட்டி எழுதிய மதிப்புரையில் எஸ்எம்எஃப் இடம்பெற வழியே இல்லை. அன்றாட நிர்வாகத்தில் மிகப் பெரிய மாற்றம் கொண்டுவந்த பகுதி அதுதான் என்பதுதான் இதில் வருத்தம்.

இலவசம் என்ற சொல்

நவம்பர் விழாவில் செய்தியாளர்களுக்கு இரண்டு சரக்குகள் கிடைத்தன: 600-க்கும் மேற்பட்ட புதிய வசதிகள் என்ற எண், பயன்படுத்தக் கட்டணம் இல்லை என்ற அறிவிப்பு. முதலாவதால் யாருக்கும் பயனில்லை. 600 வசதிகளை எவரும் சோதிக்கப்போவதில்லை, எண் அப்படியே தலைப்புக்குப் போனது. இரண்டாவதுதான் வணிகப் பக்கங்களை நிரப்பியது.

நிறுவனத்தின் நிலை அப்படி. 2003 நிதியாண்டில் சன் 340 கோடி டாலருக்கு மேல் நட்டம் காட்டியிருந்தது. டாட்காம் காலத்தில் சன் சர்வர் வாங்கிய நிறுவனங்கள் விலை மலிந்த எக்ஸ்86 இயந்திரத்துக்கும் லினக்ஸுக்கும் நகர்ந்துகொண்டிருந்தன. 2004 ஏப்ரலில் மைக்ரோசாஃப்டுடன் வழக்கு முடித்து ஏறத்தாழ 195 கோடி டாலர் பெற்றதும் அதே மாதம் ஜோனதன் ஷ்வார்ட்ஸ் தலைவர் பொறுப்புக்கு வந்ததும் செய்தியாளர் மனதில் புதிதாக இருந்தன. ஆகவே இயங்குதளம் பற்றிய செய்தி, ‘சன் பிழைக்குமா?’ என்ற செய்தியின் ஒரு பத்தியாகவே எழுதப்பட்டது. 2005 பிப்ரவரி 15-இல் ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 4 வெளிவந்ததும் ஒப்பீட்டுக் கட்டுரைகளுக்கு நாள் குறித்ததுபோல் ஆகிவிட்டது.

‘இலவசம்’ என்பதன் உள்விவரம் பல செய்திகளில் இரண்டு வரிக்கு மேல் போகவில்லை. உரிமம் இலவசம். பாதுகாப்புப் பேட்ச்கள் பதிவு செய்தவருக்கு இலவசம். மற்றத் திருத்தங்களுக்கும் தொலைபேசி உதவிக்கும் ப்ராசஸர் கணக்கில் ஆண்டு ஒப்பந்தம். பயன்படுத்துபவருக்கு இதில் முக்கியமானது நடுவில் உள்ள பிரிவு. ஒரு பேட்ச் இன்னொரு பேட்ச்சைச் சார்ந்திருக்கும். இலவசமான பாதுகாப்புப் பேட்ச்சுக்கு முன்தேவை ஒப்பந்தக்காரருக்கு மட்டுமான பேட்ச்சாக இருந்தால் என்ன செய்வது என்ற கேள்வியைக் கேட்டவர்கள் நிர்வாகிகள்.

பிறகு உரிமத்தின் வாசகம். 2005 ஜனவரியில் சன்னின் சிடிடிஎல் உரிமம் திறந்த மூல அமைப்பான ஓஎஸ்ஐயின் ஒப்புதல் பெற்றது. ஜனவரி 25-இல் டிட்ரேஸின் மூலநிரல் முதலாவதாக வெளிவந்தது, 1,600-க்கு மேற்பட்ட காப்புரிமைகளை அந்த உரிமத்தின் கீழ் திறப்பதாக சன் சொன்னது. இரு வாரம் முன்புதான் ஐபிஎம் 500 காப்புரிமைகளைத் திறந்த மூலத்துக்கு விட்டிருந்தது, ஆகவே 500-க்கு 1,600 என்று கணக்குப் போட்ட தலைப்புகளுக்குக் குறைவில்லை. இரண்டும் ஒப்பிடத்தக்கவை அல்ல. ஐபிஎம் அளித்த உறுதி திறந்த மூல மென்பொருள் எதற்கும் பொருந்தியது. சன் அளித்தது சிடிடிஎல்லின் கீழ் உள்ள நிரலுக்கு. மோஸில்லா உரிமத்திலிருந்து பிறந்த சிடிடிஎல் லினக்ஸின் உரிமமான ஜிபிஎல்லோடு கலக்காது. எனவே லினக்ஸ் கர்னலுக்குள் ஸோலாரிஸின் ஒரு வரியும் நேராகப் போக முடியாது. ஓராண்டு முழுக்க ஓடிய இந்த வாதம், இயங்குதளத்தை மதிப்பிட வேண்டிய இடத்தையெல்லாம் பிடித்துக்கொண்டது.

மடிக்கணினியில் நடந்த சோதனை

கட்டணம் இல்லை என்றதும் யாரும் இறக்கிப் பார்க்கலாம் என்றாயிற்று. பார்த்தார்கள். எதில்? கையில் இருந்த மடிக்கணினியில், வீட்டு மேசைக் கணினியில். இதுதான் ஸோலாரிஸ் 10-க்கு வந்த கடுமையான மதிப்புரைகளின் மூலம்.

எக்ஸ்86 பக்கம் சன்னுக்குப் பழைய கடன் ஒன்றும் இருந்தது. 2002 ஜனவரியில் ஸோலாரிஸ் 9-இன் எக்ஸ்86 பதிப்பைத் தள்ளிவைப்பதாக அறிவித்து, பயனர்கள் எதிர்த்த பிறகு 2003-இல்தான் வெளியிட்டது. அந்த இடைவெளியில் புதிய வன்பொருளுக்கு டிரைவர் எழுதுவது தேங்கியது. 2005-இல் வந்தவர்களுக்கு வைஃபை இயங்கவில்லை, நெட்வொர்க் சிப் தெரியவில்லை, ஒலி வரவில்லை. மதிப்புரையில் முதல் பாதி இதற்கே போயிற்று. நியாயம்தான், ஆனால் அது சர்வர் அறையில் இருக்கும் இயங்குதளத்தின் மதிப்பீடு ஆகாது. வன்பொருள் ஒத்திசைவுப் பட்டியலைப் பார்த்து, பட்டியலில் உள்ள நெட்வொர்க் கார்டையும் எஸ்சிஎஸ்ஐ டிஸ்க் கட்டுப்பாட்டியையும் எடுத்தவருக்கு இந்தச் சிக்கல்களில் பெரும்பாலானவை வரவில்லை.

நிறுவல் முடிந்து முதல் முறை எழும்போது நேரம் எடுக்கிறது என்ற குறையும் அடிக்கடி வந்தது. காரணம் எளியது. எஸ்எம்எஃப் தன் தரவுத்தளத்தில் எல்லாச் சேவைகளின் விவரக் கோப்புகளையும் முதல் துவக்கத்தில் ஒவ்வொன்றாக ஏற்றுகிறது. இது ஒருமுறை வேலை. இரண்டாம் துவக்கத்திலிருந்து சேவைகள் சார்பு வரிசைப்படி இணையாக எழும், பழைய ஸோலாரிஸைவிட வேகமாகவே. முதல் துவக்கத்தை மட்டும் கடிகாரம் வைத்து அளந்தவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

லினக்ஸ் பழக்கத்தோடு வந்தவர்களைக் கடித்த மற்றவை: ரூட் என்ற நிர்வாகிக் கணக்கின் ஷெல் பழைய போர்ன் ஷெல், அதன் வீட்டு டைரக்டரி ஸ்லாஷ், அதாவது கோப்பு மரத்தின் உச்சி. சி நிரல் தொகுக்க ‘சிசி’ என்று அடித்தால் அந்த மென்பொருள் நிறுவப்படவில்லை என்ற செய்தி வரும். ஜிசிசி 3.4.3 உள்ளேயே இருக்கிறது, ஆனால் எஸ்எஃப்டபிள்யூ என்ற டைரக்டரியில், தேடு பாதைக்கு வெளியே. க்னூ டார், க்னூ கிரெப் எல்லாம் முன்னால் ஒரு ‘ஜி’ சேர்ந்த பெயரில் அங்கேயே கிடக்கும். தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் வழியே ரூட்டாக நுழைய முடியாது, இயல்பிலேயே அடைத்திருக்கும். எல்லாவற்றிலும் ஆபத்தானது கில்ஆல் கட்டளை. லினக்ஸில் அது பெயர் சொன்ன ப்ராசஸை நிறுத்தும். ஸோலாரிஸில் எல்லா ப்ராசஸ்களையும் நிறுத்தும், இயந்திரத்தை அணைக்கும் வரிசையில் பயன்படும் கட்டளை அது. உற்பத்திச் சர்வரில் பழக்கதோஷத்தில் ஒருமுறை அடித்தால் போதும். அதற்குப் பதில் ‘பிகில்’ கட்டளையைப் பயன்படுத்த வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே எச்சரித்த மதிப்புரையை நாம் நல்ல மதிப்புரை என்று தயங்காமல் சொல்வோம்.

வேக ஒப்பீடுகளில் நடந்த தவறுகள் வேறு வகை. ‘ஸ்லோலாரிஸ்’ என்ற கேலிப்பெயர் 90-களிலிருந்தே ஒட்டிக்கொண்டிருந்தது. ஒன்று, இரண்டு ப்ராசஸர் இயந்திரத்தில் டிசிபி இணைப்புகளைக் கையாளும் வேகம் குறைவு என்பது அதன் சாரம். ஸோலாரிஸ் 10-இன் ‘ஃபயர்எஞ்சின்’ நெட்வொர்க் அடுக்கு இதைச் சரிசெய்யவே வந்தது. டிசிபியையும் ஐபியையும் தனித்தனி ஸ்ட்ரீம்ஸ் தொகுதிகளாக வைத்து ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் வரிசைகளைக் கடந்து போவதை விட்டு, ஒரு இணைப்பின் வேலையை ஒரே ப்ராசஸரோடு கட்டிவைத்தது. ஆனால் ஒப்பீட்டாளர்கள் பலர் ஒரு பக்கம் 64-பிட் லினக்ஸ் நிரலையும் மறுபக்கம் 32-பிட் ஸோலாரிஸ் நிரலையும் ஓட்டினார்கள். ஜிசிசியில் எந்த மேம்படுத்தல் அளவு என்று சொல்லாமல் விட்டார்கள். டிஸ்கின் எழுத்துத் தாங்கல் (கேஷ்) அணைந்திருக்கிறதா, எரிந்திருக்கிறதா என்று குறிக்கவில்லை. எழுதும் வேகத்தில் இந்தக் கடைசி விஷயம் ஒன்றே முடிவைத் தலைகீழாக்கும்: மின்சாரம் போனாலும் தரவு டிஸ்கில் இருக்க வேண்டும் என்று காத்திருக்கும் அமைப்பு, காத்திருக்காத அமைப்பிடம் எப்போதும் தோற்கும்.

பாராட்டு விழுந்த இடம்

டிட்ரேஸ் விஷயத்தில் பத்திரிகைகள் பெரும்பாலும் சரியாகவே இருந்தன. ஓடிக்கொண்டிருக்கும் உற்பத்திச் சர்வரில், நிரலைத் திரும்பத் தொகுக்காமல், இயந்திரத்தை மறுதுவக்கம் செய்யாமல், கர்னலுக்குள்ளும் நிரலுக்குள்ளும் ஆயிரக்கணக்கான இடங்களில் கேள்வி கேட்கலாம். கேட்காத இடத்தில் செலவு சுழியம், ஏனெனில் இயக்காத ஆய்வுப்புள்ளி நிரலில் இருப்பதே இல்லை, இயக்கும்போதுதான் கட்டளை மாற்றி எழுதப்படுகிறது. டிட்ரேஸுக்காக எழுதும் டி மொழி நிரலில் பின்னோக்கித் தாவும் சுழல் கிடையாது, தவறான முகவரியைத் தொட்டாலும் கர்னல் விழாது. ‘உற்பத்தியில் பயன்படுத்தலாம்’ என்ற சொல்லுக்கு அடிப்படை இந்தக் கட்டுப்பாடுகள்தான்.

பிரையன் கான்ட்ரில், மைக் ஷபீரோ, ஆடம் லெவன்தால் மூவரும் 2004 யூஸ்னிக்ஸ் மாநாட்டில் கொடுத்த கட்டுரையில் ஒரு எடுத்துக்காட்டு வரும். பலர் சேர்ந்து பயன்படுத்தும் ஒரு சர்வர் மந்தமாக இருக்கிறது. ப்ராசஸர் நிலையைக் காட்டும் எம்பிஸ்டாட் பார்த்தால் ப்ராசஸர்கள் ஒன்றையொன்று குறுக்கிடும் கிராஸ்கால் எண்ணிக்கை அளவுக்கு மீறி நிற்கிறது. யார் செய்வது என்று டிட்ரேஸில் கேட்டால், திரையை வரையும் எக்ஸ் சர்வர்கள். அவற்றைத் தூண்டுவது யார் என்று கேட்டுக்கொண்டே போனால், திரையின் மூலையில் பங்கு விலையை ஓடவிடும் ஒரு சின்ன ஆப்லெட். பழைய கருவிகளில் முதல் படிக்குப் பிறகு ஊகம்தான். இந்த வகைச் சங்கிலியைச் செய்து காட்டியதால்தான் டிட்ரேஸுக்கு இடம் கிடைத்தது. 2005-இல் எம்ஐடி டெக்னாலஜி ரிவ்யூவின் இளம் புதுமையாளர் பட்டியலில் கான்ட்ரில் வந்தார். 2006-இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னலின் தொழில்நுட்பப் புதுமை விருதில் டிட்ரேஸுக்குத் தங்கம். ஒரு யூனிக்ஸ் பிழைத்திருத்தக் கருவிக்கு வணிக நாளிதழ் விருது என்பது அடிக்கடி நடப்பதல்ல.

ஸோனுக்குக் கிடைத்த வரவேற்பு நல்லதுதான், மேலோட்டமானது. ‘ஒரு சர்வருக்குள் 8,000 சர்வர்’ என்பதே பலரின் சுருக்கம், 8,191 என்பது கோட்பாட்டு வரம்பு. பெயரும் குழம்பியது: என்1 கிரிட் கன்டெய்னர் என்றார்கள், ஸோலாரிஸ் கன்டெய்னர் என்றார்கள், ஸோன் என்றார்கள். ஸோன் என்பது தனிமைப்படுத்தும் சுவர், அதோடு சிபியு பங்கீடு போன்ற வள மேலாண்மை சேர்ந்தால் கன்டெய்னர். முதல் வெளியீட்டில் அந்த வள மேலாண்மை எங்கே நின்றது என்பதுதான் வாசகனுக்குத் தேவைப்பட்ட தகவல். ஸோனுக்கு நினைவக உச்சவரம்பு வைக்க நேரடி வழி இல்லை, 8/07-இல்தான் வந்தது. தனி ஐபி அடுக்கும் அப்போதுதான். ஸோனை வேறு இயந்திரத்துக்கு நகர்த்துவதும் நகலெடுப்பதும் 11/06-இல். கோப்புகளை நெட்வொர்க்கில் பகிரும் என்எஃப்எஸ் சர்வர் ஸோனுக்குள் ஓடாது.

செயல்முறையில் கையைச் சுட்டது பேட்ச். எல்லா ஸோன்களுக்கும் கர்னல் ஒன்றே என்பதால், பேட்ச் போடும்போது முதன்மை ஸோனோடு ஒவ்வொரு ஸோனும் வரிசையாகத் தொடப்படும். 20 ஸோன் உள்ள இயந்திரத்தில் ஒரு தொகுப்புப் பேட்ச் பராமரிப்பு நேரத்தைத் தின்று தீர்க்கும். இயல்பான ‘ஸ்பார்ஸ்’ வகையில் யூஎஸ்ஆர், லிப், எஸ்பின், பிளாட்ஃபார்ம் டைரக்டரிகள் முதன்மை ஸோனிலிருந்து படிக்க மட்டும் என்று ஏற்றப்படும். டிஸ்க் மிச்சம், பேட்ச் கொஞ்சம் விரைவு. ஆனால் யூஎஸ்ஆருக்குள் எழுத நினைக்கும் எந்த நிறுவியும் அங்கே தோற்கும். அப்படிப்பட்ட மென்பொருளுக்கு முதலிலேயே முழு ரூட் ஸோன் எடுக்க வேண்டும், பின்னால் மாற்ற வழியில்லை.

எஸ்எம்எஃப் பற்றி இன்னும் நிறைய எழுதியிருக்கலாம் என்பது நம் கருத்து. நிர்வாகிகளின் உண்மையான கோபம் அங்கேதான் இருந்தது. நெட்வொர்க் சேவைகளை எழுப்பும் ஐநெட்டியின் அமைப்புக் கோப்பைத் திருத்தி, வழக்கம்போல் ஹேங்அப் சமிக்ஞை அனுப்பினால் ஒன்றும் நடக்காது. ஐநெட்கான்வ் கட்டளையால் அதை எஸ்எம்எஃப்புக்கு மாற்ற வேண்டும். டீமனை (பின்னணியில் ஓடும் சேவை நிரலை)க் கொன்றால் உடனே மறுபடி எழும். எஸ்எம்எஃப் அதைப் பிழை என்று கருதிச் செய்கிற வேலை அது, நிறுத்த வேண்டுமானால் எஸ்விசிஅட்மின் வழியே முடக்க வேண்டும். தொடர்ந்து விழுந்தால் பராமரிப்பு நிலைக்குப் போய் நின்றுவிடும், காரணம் நீக்கிய பிறகு அந்த நிலையைக் கையால் விடுவிக்க வேண்டும். பழைய ஆர்சி துவக்க ஸ்கிரிப்டுகள் ஓடும், ஆனால் எஸ்எம்எஃப் அவற்றைக் கண்காணிக்காது. ஆறு மாதம் வேலை செய்தவர்கள், எஸ்விசிஎஸ் கட்டளையின் எக்ஸ் தேர்வு ‘எது நின்றது, எதனால், எந்தப் பதிவுக் கோப்பைப் பார்’ என்று நேராகச் சொல்வதைக் கண்டு சமாதானமானார்கள். ஒரு வாரத்தில் எழுதப்படும் மதிப்புரைக்கு அந்த ஆறு மாதம் கிடைப்பதில்லை.

இசட்எஃப்எஸ் வந்த பிறகு

128-பிட் என்பதே இசட்எஃப்எஸ்ஸின் தலைப்பு ஆனது. அந்த அளவுக் கிடங்கை நிரப்பத் தேவையான ஆற்றல் கடல்களைக் கொதிக்க வைக்கப் போதும் என்று இசட்எஃப்எஸ்ஸை உருவாக்கிய ஜெஃப் பான்விக் கணக்குப் போட்டுச் சொன்னது எழுதுபவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. அசல் விஷயம் வேறு. ஒவ்வொரு பிளாக்கின் சரிபார்ப்புத் தொகையையும் அந்த பிளாக்கிலேயே வைக்காமல் அதைச் சுட்டும் மேல்பிளாக்கில் வைப்பதால், டிஸ்க் தவறான இடத்தில் எழுதியிருந்தாலும் எழுதாமலே எழுதினேன் என்று சொன்னாலும் பிடிபடும். கண்ணாடிப் பிரதி இருந்தால் நல்ல பக்கத்திலிருந்து தானே திருத்திக்கொள்ளும். சர்வர் அறையில் மதிப்புள்ள செய்தி இதுதான்.

முதல் ஆண்டுகளின் குறைகள் பத்திரிகைகளில் தாமதமாகவே வந்தன. இசட்எஃப்எஸ் கிடங்கில் ஒருமுறை சேர்த்த டிஸ்க் தொகுதியை அன்று திரும்ப எடுக்க முடியாது, எனவே கண்ணாடி என்று நினைத்து வெறும் டிஸ்க்காகச் சேர்த்துவிட்டால் கிடங்கையே அழித்துத் திரும்பக் கட்ட வேண்டும். இசட்எஃப்எஸ்ஸின் ஏஆர்சி என்ற நினைவகத் தாங்கல் கிடைக்கும் நினைவகத்தையெல்லாம் எடுத்துக்கொள்ளும். தரவுத்தளம் ஓடும் இயந்திரத்தில் சிஸ்டம் அமைப்புக் கோப்பில் உச்சவரம்பு வைக்க வேண்டும், அந்த அமைப்பும் 8/07-இல்தான் முறையாக வந்தது. பதிவளவு, அதாவது ஒரு கோப்பை இசட்எஃப்எஸ் பிரித்து வைக்கும் பிளாக்கின் அளவு, இயல்பில் 128 கிலோபைட். 8 கிலோபைட் பிளாக்கில் எழுதும் தரவுத்தளத்தை அப்படியே வைத்தால் ஒவ்வொரு சிறு எழுத்துக்கும் 128 கிலோபைட்டைப் படித்து, திருத்தி, எழுத வேண்டியிருக்கும். தரவுக் கோப்புகளை உருவாக்கும் முன்பே 8 கிலோபைட்டாக மாற்ற வேண்டும், பிறகு மாற்றினால் பழைய கோப்புகளுக்குப் பலன் இல்லை. ‘இசட்எஃப்எஸ் தரவுத்தளத்துக்கு மெதுவானது’ என்ற ஒப்பீட்டைக் கண்டால் பதிவளவு என்ன என்று தேடுங்கள். குறிக்கப்படாவிட்டால் அந்த முடிவை ஒதுக்கிவிடலாம்.

2007-இல் ஒரே ஆண்டில் நான்கு விதமான செய்தி. பிப்ரவரியில், தொலைவிலிருந்து நுழைய உதவும் டெல்நெட் சேவையில் ஓட்டை: பயனர் பெயருக்குப் பதில் ‘-எஃப்’ தேர்வோடு பெயரைக் கொடுத்தால் கடவுச்சொல் கேட்காமல் உள்ளே விடும். 1994-இல் ஐபிஎம்மின் யூனிக்ஸான ஏஐஎக்ஸில் ஆர்லாகின் வழியே கண்ட பிழையின் உடன்பிறப்பு. ‘ரூட் கதவு திறந்தது’ என்று தலைப்பிட்டவர்கள் ஒன்றைத் தவறவிட்டார்கள்: இயல்பு அமைப்பில் ரூட் கன்சோலில் மட்டுமே நுழையலாம், ஆகவே நேராக ரூட் கிடைக்காது. ஆனால் ‘பின்’, ‘அட்ம்’, ‘எல்பி’ போன்ற அமைப்புக் கணக்குகள் கிடைக்கும், அந்த மாத இறுதியில் பரவிய புழு அவற்றைத்தான் பயன்படுத்தியது. டெல்நெட் ஏன் ஓடிக்கொண்டிருந்தது என்பதே சரியான கேள்வி. எஸ்எஸ்எச் தவிர மற்றவற்றை வெளியே மூடிவைக்கும் தேர்வு 11/06 நிறுவியில்தான் வந்திருந்தது. அதற்கு முந்தைய வெளியீடுகளில் டெல்நெட்டும் எஃப்டிபியும் இயல்பிலேயே திறந்திருந்தன.

ஜூனில் ஆப்பிள் குழப்பம். ஆப்பிளின் அடுத்த மேக் இயங்குதளமான லெப்பர்டில் இசட்எஃப்எஸ் வரும் என்று ஷ்வார்ட்ஸ் மேடையில் சொன்னார். சில நாளில் ஆப்பிள் தரப்பு இல்லை என்றது, பிறகு படிக்க மட்டும் என்று திருத்தியது. அக்டோபரில் லெப்பர்ட் வந்தபோது டிட்ரேஸ் உள்ளே இருந்தது, அதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. ஆகஸ்டில் தன் எக்ஸ்86 சர்வர்களுக்கு ஸோலாரிஸை வழங்க ஐபிஎம் ஒப்புக்கொண்டது, நவம்பரில் டெல். 2004-இல் ‘மற்ற நிறுவனங்கள் ஏற்குமா’ என்று ஐயப்பட்ட கட்டுரைகளுக்கு மூன்று ஆண்டு கழித்து வந்த பதில் அது. நடுவில் செப்டம்பரில், சேமிப்பகக் கருவி நிறுவனமான நெட்ஆப் இசட்எஃப்எஸ் மீது காப்புரிமை வழக்குத் தொடுத்தது. 2010 வரை இழுத்த அந்த வழக்குக்கு, திறந்த மூல யூனிக்ஸ் வகையான ஃப்ரீபிஎஸ்டி 7.0 தன் கர்னலுக்குள் இசட்எஃப்எஸ்ஸை ஏற்றுக்கொண்டதைவிடப் பல மடங்கு இடம் கிடைத்தது.

சன் தந்த பதிவு எண்ணிக்கைகளைப் பற்றி ஒரு சொல். இத்தனை மில்லியன் ஸோலாரிஸ் 10 உரிமங்கள் என்று காலாண்டுக்குக் காலாண்டு வந்த எண்ணைப் பத்திரிகைகள் அப்படியே அச்சிட்டன. உரிமம் என்பது இறக்கும் முன் நிரப்பிய ஒரு பதிவு. அது எத்தனை இயந்திரத்தில் ஓடுகிறது, எத்தனை பேர் ஒரு மாலை பார்த்துவிட்டு வைஃபை இல்லை என்று அழித்தார்கள், எத்தனை பேர் ஒப்பந்தம் எடுத்தார்கள் என்ற மூன்றும் அந்த எண்ணில் இல்லை.

2009 ஏப்ரல் 20-இல் ஆரக்கிள் சன்னை வாங்குவதாக அறிவித்தது. 2010 ஜனவரி 27-இல் கைமாறியது. மார்ச்சில் ஸோலாரிஸ் 10-இன் பதிவிறக்க நிபந்தனையில் ஒரு வாசகம் மாறியது: ஆதரவு ஒப்பந்தம் இல்லாதவர் 90 நாள் மட்டுமே சோதித்துப் பார்க்கலாம். 2004 நவம்பரில் மேடை போட்டு அறிவித்த இலவசம் இப்படி ஒரு உரிமப் பக்கத்தில் முடிந்தது. ஓப்பன்ஸோலாரிஸை நிறுத்தும் முடிவுக்குச் செய்திக்குறிப்பே வெளிவரவில்லை. ஆகஸ்ட் 13-இல் கசிந்த ஊழியர்களுக்கான உள்கடிதம் ஒன்றிலிருந்துதான் இதழ்கள் அதைத் தெரிந்து எழுதின.